இணைப்பு மூன்று

பதினாறு வருடம் கடற்கரைக்கு விலை போட்டவன் நான்.
பாசிக்குடாவில், நிலாவெளியில்,
அலை நக்கிப்போன தென்னை மூட்டிலிருந்து
நாடாவை இழுத்துப் பிடித்து
இத்தனை பேர்ச், இத்தனை லட்சம் என்று எழுதியவன்.
சுனாமிக்கு மறுவருடம்
கரையிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளிக் கட்டு என்றார்கள்.
அந்த இருநூறு பிறகு எப்படிச் சுருங்கியதென்று
கேட்டால் சொல்வேன்.
கேட்கவேண்டாம்.

இம்முறை வங்கி மலைக்கு அனுப்பியது.
மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே
ஒன்பது ஏக்கர் தேயிலை.
வரப்போவது முப்பத்திரண்டு அறை, படகுத்துறை,
கண்ணாடித் தரையோடு ஒரு தேநீர்க்கூடம்.
"லேக் ஃப்ரன்ட்" என்றார் தினூக.
அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும்
பேர்ச்சுக்கு மூன்று லட்சம் கூட்டச் சொன்னார்.

ஒப்பிட்டுப் பார்க்க இங்கே விற்பனை எதுவும் இல்லை.
அதனால் கடலைக் கொண்டுவந்தேன்.
நிலாவெளி விலையில் உப்பைக் கழி,
குளிரைக் கூட்டு, அட்டையைக் கழி,
அட்டனிலிருந்து வரும் வளைவுகளுக்குக் கொஞ்சம் கழி.
மூடுபனியைக்
கூட்டுவதா கழிப்பதா தெரியவில்லை,
விட்டுவிட்டேன்.

கரை எது என்பதுதான் சிக்கல்.
கடலுக்கென்றால் நிலா இருக்கிறது,
தவறாமல் ஏற்றி இறக்கும்,
சராசரி ஒன்று கிடைக்கும்.
இந்தத் தண்ணீரை ஏற்றி இறக்குவது மின்சார சபை.
கொழும்பில் யாரோ மின்விசிறியைத் தட்டினால்
மஸ்கெலியாவில் கரை ஒரு நூல் பின்வாங்குகிறது.

நான் போனது சித்திரை, வருடப்பிறப்பு முடிந்த கிழமை.
வரைபடத்தில் நீலம் இருந்த இடத்தில்
வெடித்த சேறு, மொட்டை அடிமரங்கள்,
முழுகிப்போன பழைய டவுனின் ஒரு படிக்கட்டு,
ஏறினால் எங்கும் போகாதது.
எல்லைக்கல்லிலிருந்து தண்ணீரை நோக்கி
விக்கினராசா நாடாவோடு நடந்தான்,
நடந்தான்,
"சேர், நாடா முடிஞ்சு!" என்று கத்தினான்.

அவன் நின்ற இடத்தில் முள்ளங்கி.
சேற்றில் பாத்தி பிடித்து, வரிசை பிசகாமல்.
கீழ்ப்பிரிவு லயத்துப் பேரின்பவள்ளி
படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு
பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
யாருடைய காணி என்றேன்.
"தண்ணியோடது. மாசிக் கடைசியில விட்டுச்சு,
வெசாக் மழைக்குத் திரும்ப எடுத்துக்கும்.
வாடக கேக்காது."
எத்தனை நாள்?
"எழுவது. முள்ளங்கிக்கு நாப்பத்தஞ்சு போதும்.
மிச்சத்துக்குக் கீர போடலாம்,
துரிசு மூடாம இருந்தா."
பிறகு நாடாவைப் பார்த்தாள்.
"ஏழு பேர்ச் தாறோம்னு சொன்னாங்க.
ஒங்கள கண்டதும் அதுக்குத்தான் அளக்குறீங்கன்னு
நெனச்சு எறங்கி வந்தேன்."

மேலே அவளுடைய லயம்.
இருபத்துநான்கு காம்பரா,
இருபத்துநான்கு கதவும் தண்ணீரைப் பார்த்தே திறக்கின்றன.
என் படிவத்தில் அவை
'அகற்றப்படவேண்டிய கட்டடங்கள்'.
அகற்றும் கூலியைக்
காணி விலையிலிருந்து கழித்திருந்தேன்.
காட்சிக்கு வேறு நிரல்,
அதில் 'மிகச் சிறப்பு'.

அன்றிரவு விடுதியில் குளிர் தூங்கவிடவில்லை.
இணைப்பு மூன்று, 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில்
எழுதினேன்:
முள்ளங்கி. எழுபது நாள்.
உரித்தாளர்: தண்ணீர்.
தொகை கேட்ட இடத்தில் ஒரு கோடு போட்டேன்.
நேரான கோடுகூட இல்லை.

இரண்டு வாரத்தில் தலைமையகத்திலிருந்து கடிதம்:
'இணைப்பு மூன்று தெளிவில்லை,
திருத்தி அனுப்பவும்.'
தினூக தொலைபேசியில் சிரித்தார்,
மரக்கறியையும் அடமானம் வைக்கவா என்றார்.
நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குபவன்.

இது வைகாசி.
மேலே ஒன்பது நாளாக மழை என்கிறான் விக்கினராசா.
பாத்தி இருந்த இடத்தில் இப்போது
பதினெட்டு அடித் தண்ணீராம்.
வரைபடத்து நீலம் சரியாகிவிட்டது.
கடிதம் மேசையில் இருக்கிறது,
மேலே ஒரு சோகி,
காற்றுக்குப் பறக்காமல் வைத்தது.