பதினேழு வட்டங்கள்

எண்பது டாலருக்கு வாங்கினான் டெல்மர்.
பன்னிரண்டடி அலுமினியம்,
யாரோ மூன்று முறை பூசிய பச்சை,
அமரத்துப் பலகை விரலால் குத்தினால்
ஊறிய ரொட்டி.
ஒழுகுமா என்று கேட்டதற்கு, விற்றவன்
"ஏரிக்குப் போனால் கொஞ்சம் நனையத்தானே வேண்டும்"
என்றானாம்.

இதெல்லாம் அவன் சொல்லித் தெரியவில்லை எனக்கு.
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை,
நாலாயிரம் டாலரும் ஒரு கிறிஸ்துமஸ் இரவும் நடுவில்.
தங்கை ஐடெல்லாதான் போன் செய்தாள்:
"ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணுமாம்.
வெளியே ஒருத்தன் சுத்தியல்,
உள்ளே ஒருத்தன் இரும்புக்கட்டி.
எனக்குக் கை வலிக்குது. நீ வா."

போனேன்.
மரக்குதிரைகள் மேல் படகை ஏற்றி
தோட்டக் குழாயால் உள்ளே நிரப்பியிருந்தான்.
தண்ணீர் உள்ளே, உலகம் வெளியே.
அடியில் மல்லாந்து படுத்தேன்.
ஒவ்வொரு சொட்டாய்த் தேடி,
துணியால் துடைத்து, அது மறுபடி ஊறுவதற்குள்
மெழுகுப் பென்சிலால் வட்டம்.
கண்ணில் விழுந்தது, காதில் விழுந்தது.
மேலிருந்து "எத்தனை?" என்றது ஒரு குரல்.
"பதினேழு."
அந்த மாதத்தில் நாங்கள் பேசிய
மிக நீளமான உரையாடல் அது.

பிறகு நாலு சனிக்கிழமைகள்.
அவன் அடி என் மணிக்கட்டில் வந்து முடியும்.
அவன் முகம் எனக்குத் தெரியாது,
நடுவே தகடு.
"ம்" என்றால் அடி,
"ம்ம்" என்றால் நிறுத்து.
புதுப் பலகைக்கு மூன்று பூச்சு எபாக்சி.
தரைக்கு, மூடிப்போன மோட்டலின்
சாம்பல் கம்பளம்.

மே மாதம், ஸ்கின்னர் அணை,
விடிய இன்னும் அரை மணி.
பாஸ் மீன்கள் கரையோரச் சரளையில்
வாலால் குழி பறித்து முட்டைக்குக் காவல் நிற்கும் பருவம்.
அவன் அணியத்தில், நான் அமரத்தில்,
பாட்டரி எங்கள் நடுவே மூன்றாவது ஆள் மாதிரி.
இரண்டு பேருமே கனத்த சரீரம்.
அவன் இடப்பக்கம் வீசச் சாய்ந்தால்
நான் வலப்பக்கம் நகர வேண்டும்;
நான் தெர்மாஸுக்குக் குனிந்தால்
அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டும்.
எழுந்து நின்று சண்டை போட
இடமில்லாத படகு.

"செப்டம்பருக்குள் கொடுத்துடறேன்,"
தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.
"நான் கேக்கலையே."
"நீ கேக்காம இருக்கறதுதான்
காதைப் பொளக்குது."

என்ன சொல்லியிருப்பேனோ.
மூழ்கிய மரத்தூர் அருகே அவன் நரம்பு
பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியது.
மனுஷன் எழுந்தேவிட்டான்!
படகு ஒரு காதைத் தண்ணீருக்குக் கொடுத்தது.
நான் எதிர்விளிம்பில் தொங்கினேன்,
"உக்காரு, உக்காரு, கழுதை!"
ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்தபின் உட்கார்ந்தான்.
மீன் எழும்பியது.
வாய் முழுக்கத் திறந்து, தலையை உதறி,
ஊதா ரப்பர் புழு தாடையில் ஊசலாட.
வலையைப் போட்டேன்.

கட்டை விரலைக் கீழ்த்தாடையில் கொடுத்துத் தூக்கினான்.
ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு.
வால் கிழிந்திருந்தது, குழி பறித்துப் பறித்து.
"இது காவல்ல இருந்த மீனு," என்றான்.
பக்கவாட்டில் இறக்கி, கையில் கொஞ்சம் வைத்திருந்து, விட்டான்.
ஃபோட்டோ எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

காபி டப்பாவால் தண்ணீரை இறைத்தோம்.
இறைத்தோம்.
குடம் ஒன்றுதான் வந்தது, போனது மூன்று குடம்.
கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்:
பதினெட்டாவது.
சட்டைப் பையிலிருந்து அவன்
மெழுகுப் பென்சிலை எடுத்தான்.
"ஈரத்துல எழுதாது," என்றேன்.
"தெரியும்."
கொஞ்சநேரம் அதைப் பார்த்தான்.
பிறகு பூட்ஸ் குதிகாலை அதன்மேல் அழுத்தி வைத்து
அடுத்த புழுவைக் கோக்க ஆரம்பித்தான்.
படகு ஒரு பக்கம் சாய்ந்தது.
நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.