இந்நான்கெல்லைக்குட்பட்ட

தையிட்டியில் பஸ் இறக்கிவிட்டபோது
பதினொன்றேகால்.
பன்னிரண்டுக்குச் சீமெந்து ஆலை ஊதுமென்று
காது தன்பாட்டில் காத்திருக்கத் தொடங்கியது.
ஆலை ஊதி முப்பத்துநாலு வருசம்.
காதுக்கு யார் சொல்வது.

கிராம அலுவலர் சின்னப் பெண், துவாரகா.
ஸ்கூட்டியில் வந்தாள்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டாள்:
"அக்கா, உங்கட காணி எதெண்டு காட்டுவியளோ?"

முன்னால் நாயுண்ணிப் பற்றை.
பின்னால் நாயுண்ணிப் பற்றை.
இடையில் புல்டோசர் போன தடம்.

உறுதியை விரித்தேன்.
'புளியடிச்சீமா என்னும் பெயருடைய காணி,
இரண்டு பரப்புப் பதினொரு குழி.
கிழக்கு ஒழுங்கையாலும்
வடக்கு மரியாம்பிள்ளை திரேசம்மா காணியாலும்…'
திரேசம்மா காணியை நான் எங்கே தேட?
அவள் உறுதியில் தெற்கெல்லைக்கு
எங்களைத்தானே எழுதியிருப்பார்கள்.
ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டபடி
எல்லாக் காணியும் சேர்ந்தே தொலைந்திருந்தன.

வட்ஸ்அப்பில் இரண்டு பேரையும் எடுத்தேன்.
ஒஸ்லோவில் அண்ணன் பல்விளக்கிக்கொண்டிருந்தான்.
"கிணறு வலப்பக்கம். கேற்றால உள்ளிட்டா வலப்பக்கம்."
ஸ்காபரோவில் இரவு வேலை முடிந்து வந்த அக்கா:
"விசரா, வலப்பக்கம் மாட்டுக்கொட்டில்.
கிணறு குசினிக்குப் பின்னால."
"குசினி எங்க?"
"கிணத்துக்கு முன்னால."
துவாரகா கோப்பால் வாயை மறைத்தாள்.

அவர்கள் பிடுங்குப்பட,
போனை உயர்த்திப் பிடித்தபடி பற்றைக்குள் நடந்தேன்.
மூன்று வீடுகள் கூட வந்தன.
அண்ணனுடையதில் நாலு அறை.
அக்காவுடையதில் அப்பா இன்னும்
கலண்டருக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்.
என்னுடையதில், சொல்ல வெட்கமாயிருக்கிறது,
ஒரு கட்டிலின் அடிப்புறம் மட்டும்.
ஹெலி சுற்றிய நாட்களில் அதற்குக் கீழேதான் கிடந்தேன்.
பலகையிலிருந்த ஐந்து துளைகளைத்
தனித்தனியே தெரியும்.
மற்றதெல்லாம் இவர்கள் சொல்லித் தெரிந்தது.
ஒன்பது வயதுக்காரி
எவ்வளவு வீட்டைத்தான் தூக்கிக்கொண்டு போவாள்.

கிணறு இருந்தது.
இரண்டு பேரும் பிழை.
இடப்பக்கம், ஒழுங்கையோரம்.
கட்டுக்குப் புதுச் சீமெந்து பூசி,
வெள்ளைப் பெயின்றில் சிங்களத்தில் ஏதோ,
அதன் கீழே 17.
எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணி.
தூர்ந்துபோயிருக்குமென்று
வரும் வழியிலேயே அழுது முடித்திருந்தேன்,
வீண்.

பக்கத்தில் ஒரு பலா.
உறுதியில் பனை ஏழு, தென்னை மூன்று, புளி ஒன்று.
பலா எங்கள் வளவில் ஒருநாளும் நின்றதில்லை.
இதில் மட்டும் மூவருக்கும் ஒரே சொல்.

அடியைச் சுற்றிக் கல் அடுக்கிப்
பாத்தி கட்டியிருந்தது.
கிணற்றடியிலிருந்து அதற்கென்றே ஒரு வாய்க்கால்.
எவனோ ஒருவன்,
லீவு கிடைக்காத ஒரு மாசத்தில்,
தின்ற பழத்தின் கொட்டையை எறிய மனமில்லாமல் ஊன்றி,
எங்கள் தண்ணியை அள்ளி ஊற்றியிருக்கிறான்.
குருநாகலோ மொனராகலையோ.
அவனுக்கும் இப்போது ஐம்பது வந்திருக்கும்.
மன்னிக்கவென்று நான் இங்கே வரவில்லை.
திட்டலாமென்றால்
வாய்க்கால் அவ்வளவு நேராக வெட்டியிருந்தது.

"வெட்டிப்போடு" என்றான் அண்ணன்.
"தட்டிப் பார், முத்தீற்றோ?" என்றாள் அக்கா.

துவாரகாவின் படிவத்தில்
'பயிர்கள்' என்றொரு கட்டம்.
பனை, இல்லை.
தென்னை, இல்லை.
புளி, அடிக்கட்டை.
பேனை அடுத்த வரியில் நின்றது.
"இதையும் உங்கட எண்டு போடட்டோ?"

பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும்.
ஒன்றும் ஊதவில்லை.

"போடுங்கோ."

ஒரு பழத்தை இறக்கி
ஸ்கூட்டியில் கால்வைக்கிற இடத்தில் வைத்தோம்.
மாவிட்டபுரம் சந்தி வரைக்கும்
இரண்டு முழங்காலாலும் அதை இடுக்கியபடி ஓட்டினாள்.
பின்னால் நான்.
பால் ஒட்டிய விரலோடு உறுதியை மடித்ததில்
கடைசிப் பக்கத்தில், அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே,
என் பெருவிரல் பதிந்துபோயிருந்தது.
இறங்கும்போது காட்டினேன்.

"ஐயோ அக்கா, பேப்பரில பட்டா அவ்வளவுதான்" என்றாள்.
"கைக்கு மட்டும் தேங்காயெண்ணெய் பூசுங்கோ."