ஆறடி

அடுக்குமாடி நிர்வாகத்தின் கடிதம்
மூன்று மொழியில் வந்தது.
மூன்றிலும் நாய் கூடாது.
பூனையைப் பற்றி ஒரு மொழியிலும் ஒன்றுமில்லை;
ஆனால் அதைக் கதவில் ஒட்ட வந்த பையன்
தாப்பாவின் வாலை மிதித்துவிட்டுத்தான் போனான்.

தாப்பாவ், பொட்டலக் கடைக்குப் பின்னால் கிடைத்தவள்,
கழுத்தில் இறுகிய ரப்பர் வளையத்தோடு.
கிச்சாப், நிறத்தால் அந்தப் பெயர்.
இன்னொருவனுக்குப் பெயரே இல்லை.
பகாவில் தெருவுக்கு ஒரு மைலோ இருப்பதால்
யோசித்து யோசித்து விட்டுவிட்டேன்.
ஏய் என்றால் வருவான்.

பன்னிரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டிய காசு,
சேமநிதியில் எடுத்தது,
தங்கை வீட்டுக்காரர் அமலதாஸ்
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணிக் கொடுத்தது,
எல்லாம் சேர்ந்து அரை ஏக்கர்.
தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது
யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஓரம்.
"நீ நிலம் வாங்கலை,
லாலான் வாங்கியிருக்கே" என்றார்.
கிரானில் தவமலர் என்று தெளிவாக இருந்தது.
நிலத்தில் போய் நின்றால்
தவமலரின் தலைகூடத் தெரியவில்லை.

ஞாயிறு ஞாயிறாக வெட்டினோம்.
இயந்திரம் வாடகைக்கு, நாளுக்கு நாற்பது வெள்ளி,
பெட்ரோல் நம்முடையது.
வெட்டுகிற கையை லாலான் திருப்பி வெட்டும்.
முழங்கைவரை மெல்லிய சிவப்புக் கோடுகள்,
எத்தனை என்று குளிக்கும்போது எரிச்சல் சொல்லும்.
வேர் வெள்ளை, கடித்தால் இனிப்பு.
முளை ஊசி.
புல்லுக்கடியில் ஓட்டை வாளி, பாதி நாற்காலி,
பிறகு ஒரு தலைக்கவசம்.
நல்லா இருக்கே என்று அமலதாஸ் எடுத்தார்.
உள்ளே குடியிருந்த குளவிகள்
அவர் காதில் தங்கள் கிரானைக் காட்டின.

எல்லைக்கல் நான்கு என்றது வரைபடம்.
மூன்று கிடைத்தன.
நான்காவதை நாங்களே மனசால் நட்டு
அதுவரை வெட்டினோம்.
அங்கே நின்ற ரம்புத்தானைச் சுற்றி
நான் பெருக்கிக்கூட வைத்தேன்.

வெயில் தாங்காமல் குழி பறித்துப் படுப்பது
பெயரில்லாதவனின் வழக்கம்.
அன்றைக்கு அவன் வயிற்றுக்கடியில்
கல் தட்டுப்பட்டது.
எங்கள் கணக்குக்கு ஆறடி உள்ளே.

பக்கத்து நிலத்து ஆ ஹெங் வந்தார்.
கல்லைப் பார்த்தார், ரம்புத்தானைப் பார்த்தார்,
என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார்.
"தெரிமா காசே" என்றார், சிரிக்காமல்.
மறுநாள் அந்த ஆறடியில்
மரவள்ளிக் குச்சிகள் வரிசையில் நின்றன.

நோட்டீஸ் கெடு முடிந்ததால் குடிவந்தோம்.
தூண் நான்கு, ஜிங் கூரை, சுவர் மூன்று.
நாலாவது சுவர் அடுத்த மாதச் சம்பளத்தில் இருக்கிறது.
தாப்பாவ் நேரே ரம்புத்தானில் ஏறிக்கொண்டாள்,
எல்லை அவளுக்கு உயரத்தில் கிடையாது.

அந்தியில் கிச்சாபை அவிழ்த்துவிட்டேன்.
ஐந்து வருடம் மாடிக் கம்பியில்
என் கையால் கட்டிய சங்கிலி.
எழுந்தான். உடம்பை உதறினான். நடந்தான்.
ஆறடியில் நின்றான்,
பின்னாலிருந்து யாரோ இழுத்ததுபோல்
கழுத்தை ஒருக்களித்து.
எதிரே வெட்டிய புல், மழைக்குட்டை,
அதற்கப்பால் செம்பனையின் இருட்டு.
போடா என்றேன்.
வாலை ஆட்டினான்.
நின்ற இடத்திலேயே ஆட்டினான்.

மறுநாள் சோற்றுத் தட்டை ஏழடியில் வைத்தேன்.
எட்டில். எட்டரையில்.
ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தான்,
மறுபடி ஏழில் வைத்தேன்.
"நாய்க்கா நிலம் அளக்கிறே?"
காதில் இன்னும் வீக்கத்தோடு அமலதாஸ்.
இதற்குள் வெட்டிய இடமெல்லாம்
லாலான் ஊசி ஊசியாய்த் தலைகாட்டிவிட்டது.

இன்று விடியலில்
தட்டில் சோறு அப்படியே இருந்தது.
கிச்சாப் இல்லை.
செருப்பில்லாமல் ஓடினேன்.
கல்லைத் தாண்டி மரவள்ளி வரிசையில்
மண் பறந்துகொண்டிருந்தது,
கறுப்பு முதுகு மட்டும் தெரிந்தது.
அந்தப் பக்கமிருந்து ஆ ஹெங்
மண்வெட்டியோடு வருகிறார்.

கூப்பிட வாயெடுத்தேன்,
கூப்பிடவில்லை.
எத்தனை குச்சி, என்ன விலை என்று
மலாயில் கேட்கச் சொற்களைத் தேடியபடி நிற்கிறேன்.