விகுதி

வில்லாபுரத்தில் எனக்கு மைக்செட் கடை.
காதுகுத்து, கட்சிக்கூட்டம், எட்டாம் நாள் மண்டகப்படி,
எதுவானாலும் கட்டிவிட்டு வருவேன்.
ஒரு தொண்டை மைக்கை நெருங்கும்போதே
எங்கே அலறும், எங்கே அமுங்கும்
என் விரலுக்குத் தெரிந்துவிடும்.

என் பிள்ளை பேசி நாற்பத்தொரு நாளாகிறது.

ஊமையில்லை.
குரல் உடைய ஆரம்பித்திருக்கிறது.
"அப்பா, தோசைக்கு" என்று தொடங்கி
யாரோ ஒரு பெரிய ஆம்பளை குறுக்கே பேசியதுபோல்
பாதியில் நின்றது. தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனது.
அன்றிலிருந்து எல்லாம் எழுத்துதான்,
என் வாடகை ரசீதுகளின் முதுகில்:
"சட்னி வேண்டாம்."
"பீஸ் கட்ட நாளைக்குக் கடைசி."
"அந்த டாக்டர்கிட்ட எப்பப் போறோம்?"

எழுந்துபோனது என்கிறேன், கவனித்தீர்களா?
போனான் என்றால் அதன் முகம் மூடிக்கொள்கிறது.
போனாள் என்றால் கோமதி
அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.
அதனால் சின்னதில் சொன்னதையே சொல்கிறேன்:
சாப்பிட்டுச்சு, தூங்கிருச்சு, படிக்குது.
பச்சைப்பிள்ளைக்கென்று நம் பேச்சில் ஒரு இடம் உண்டு.
பதினாலு வயசை அங்கேயே கிடத்தி வைத்திருக்கிறேன்,
கால் தரையில் இடிக்கும் தொட்டிலில்.

அரையாண்டுத் தமிழ்ப் பரீட்சையில்
'வந்தான்' பிரித்தெழுதச் சொல்லியிருந்தார்கள்.
பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை எல்லாம் சரி.
விகுதிக்கு நேரே வெறும் தாள்.

கே.கே. நகர் டாக்டரம்மா
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.
நிறுத்திவைக்க ஊசி இருக்கு. உடம்பு கொஞ்சம் பொறுக்கும்,
அதுக்குள்ள யோசிக்கலாம்.
எலும்புக்கு என்னாகும், பின்னாடி என்னாகும்,
எனக்கு முழுசாத் தெரியாது. தெரியும்னு சொல்றவங்களை நம்பாதீங்க.
சும்மா இருந்தாலும் அதுவும் ஒரு முடிவுதான்.
உடைஞ்ச குரலை எந்த ஊசியும் ஒட்டாது.
"பையன் என்ன சொல்றான்… பொண்ணு…" தடுமாறினார்.
"எழுதுது" என்றேன்.

தல்லாகுளத்து டாக்டர் நாற்காலியில் சாயவேயில்லை.
"பதினெட்டு வரட்டும். இந்த வயசுல
மனசு வைகைத் தண்ணி மாதிரி, எப்ப வரும் எப்ப வத்தும்."
நல்ல மனிதர். ஃபீஸ் வாங்கவில்லை.

மச்சான் குருநாதன் வந்தார், புரோட்டாப் பொட்டலத்தோடு.
"கையெழுத்துப் போடப்போறது நீ.
நாளைக்கு அது வந்து, ஏன்டா போட்டேன்னு கேட்டா?"
கோமதி அடுப்படியிலிருந்து, முகம் காட்டாமல்:
"ஏன் போடலன்னு கேட்டா?"
புரோட்டா ஆறிப்போனது.

சங்கக் கூட்டத்துக்கு எடுத்த மைக்கைத் திருப்பித்தர
ரஞ்சிதம் வந்தபோது அவளிடம் கேட்டேன்.
அவளுக்கு ஐம்பது இருக்கும்.
"என்னைய எவன் கேட்டான், அண்ணாச்சி?
கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பேன்னு
இப்ப சொல்றது லேசு."
சேலைத் தலைப்பால் மைக்கைத் துடைத்து வைத்தாள்.
"இது இரையுது, பாத்துக்கங்க."

அன்றிரவு அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன்.
வயர் சுற்ற வந்த பிள்ளை ஒரு ரசீதை நீட்டியது:
"நான் டெஸ்ட் பண்ணவா? நீ வெளிய நில்லு."

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு
ஷட்டரை முக்கால்வாசி இறக்கித் தெருவில் நின்றேன்.
அவனியாபுரம் பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது,
பின்னாலேயே ஒரு தண்ணி லாரி.
குனிந்து பார்த்தேன்.
ஆம்ப்ளிஃபயர் கண்ணாடிக்குள் முள் எழுந்தது.
விழுந்தது. எழுந்து, நடுங்கி,
சிவப்புக் கோட்டைத் தொட்டுத் திரும்பியது.
நீளமான பேச்சு. என்னவென்று
ஒரு எழுத்தும் எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே போனபோது மேசையில் இன்னொரு ரசீது:
"வெள்ளிக்கிழமை பத்து மணி. நீயும் அம்மாவும்.
டாக்டர் கேட்டா 'எழுதுது'ன்னு சொல்லாத.
நானே சொல்லிக்கிறேன்."

சரி என்றேன்.
வாய்க்குள்தான் சொன்னேன் போலிருக்கிறது,
பிள்ளை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.
பேனாவை வாங்கி
அதற்குக் கீழே எழுதிக் காட்டினேன்.