பக்கத்து வீட்டு மின்சாரம்

மத்ரே தே தியோஸ் காட்டில் பிரேசில் கொட்டை பொறுக்கும்
ஃபொர்த்துனாத்தோ அப்பாசாவின் காதுமடல் புண்ணில்
சுரண்டி எடுத்த துளி அது.
லிமாவுக்கு வர மூன்று நாள். ஐஸ் உருகியிருந்தது.
ஆனாலும் பிழைத்துக்கொண்டது லீஷ்மேனியா.
வளர்ப்புக் குப்பியில் இப்போது
ஒற்றை வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

பதினோரு மாதமாக அதன் மரபுச்சரத்தைப் படிக்கிறேன்.
ஜீன்களுக்குத் தனித்தனி வாசல் கிடையாது அங்கே.
எங்கள் ஊர் மினிபஸ் மாதிரி ஒரே ஓட்டம்.
கதவில் தொங்கும் நடத்துனன்
அத்தனை நிறுத்தத்தையும் ஒரே மூச்சில் கத்திவிடுவான்,
யார் எங்கே இறங்குவது என்பதெல்லாம் பிறகு.
பிறகுதான் வெட்டு. பிறகுதான்
ஒவ்வொரு துண்டின் தலைக்கும்
அதே முப்பத்தொன்பது எழுத்துத் தொப்பி.

நான் தேடுவது அந்தத் துண்டுகளை அல்ல,
புரதமாகாத ஆர்என்ஏக்களை:
இலையில் விழாமல் பரிமாறுகிற கரண்டிகளை.
சில, சங்கிலி கோத்த கூட்டமாய்.
சில, எதிரெதிரே ஓட்டங்கள் பிரியும் மேட்டில்
முக்குக்கடை போட்டவைபோல.

அதிலொன்று யூ-சிக்ஸ். நூறெழுத்துக்கூடத் தேறாது.
அது இல்லாமல் தொப்பி தைக்க ஆளில்லை.
ஆனால் தன்னை எழுப்பத் தன்னிடம் சுவிட்ச் இல்லை.
முதுகு காட்டி எதிர்த்திசை பார்த்து நிற்கும்
பக்கத்து டிஆர்என்ஏவின் வயிற்றுக்குள் இருக்கிறது அது.

யெசெனியா நம்பவில்லை.
"வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய்" என்றாள்.
குறியிட்ட நகலில்
அண்டைக்காரியின் இரண்டு பெட்டிகளை மட்டும் மாற்றினேன்.
ஜெல்லில் யூ-சிக்ஸ் பட்டை காணோம்.
மூன்று தடவை காணோம்.

மூன்றாம் ஜெல் அன்று இரவு
லூரிகாஞ்சோ மலையில் நானூற்றுப் பதினெட்டுப் படி ஏறி வந்தால்
வீடு இருட்டு.
எனக்கு மீட்டர் கிடையாது.
எதுவிஹெஸ் சீமாட்டியின் மீட்டரிலிருந்து ஒரு கம்பி.
தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு
நாங்கள் பேசுவதில்லை, கதவுகூட எதிர்த்திசை;
மாதப்பணத்தை இடுக்கில் தள்ளிவிட்டுப் போவேன்.
அவள் உவான்காயோ போயிருக்கிறாள்,
மெயினை அணைத்துவிட்டு.
இருட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.
நாய் குரைத்தது.

ஃபொர்த்துனாத்தோவின் அழைப்பு வந்தது அப்போது.
ஆன்டிமனி ஊசி பதினாறாவது நாள்,
மூட்டெல்லாம் வலி, காது கொஞ்சம் காய்ந்திருக்கிறதாம்.
என் ஜெல்லால் அவர் காதுக்கு ஒரு பயனுமில்லை;
அதைச் சொல்ல வாய் வரவில்லை.
"என் பூச்சி என்ன சொல்லுது டாக்டர்?"
"பக்கத்து வீட்டுலேர்ந்து கரண்ட் இழுக்குது."
கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும்.
"பில்லு யாரு கட்டுறா?"

அதை நான் அளக்கவில்லை.
மெழுகுவர்த்தியைத் தேடி எழுந்தேன்.