மீன் பார்க்கும் பக்கம்

கிச்சனரில், டயர்க் கடைக்கும்
சவர்க்காரக் களஞ்சியத்துக்கும் நடுவில்
நாங்கள் கொடி தைக்கிறோம்.
ஹொக்கி அணிக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு,
சில கிழமைகளில் சவப்பெட்டி அளவுக்கு.

மே மாதம் வெல்ஸ்தாலுக்குப் பன்னிரண்டு.
ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்.
மொத்தச் சனமும் ஒரு சனிக்கிழமை
கொஸ்ட்கோவுக்குள் அடங்கும்.
ஒக்டோபரில் அவர்களுடைய மேயர் வருகிறார்.

நீலம் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை,
நடுவில் கேடயம், அதில் அரைச் சக்கரம்.
ஆரக்கால் ஏழு. ஆறு போட்டால் பக்கத்து ஊராகிவிடுமாம்.
சக்கரத்தின்மேல் ஒரு கெளிறு,
மீசை நாலு, நாக்குச் சிவப்பு.
மீனுக்கு எதற்கு நாக்கு என்றேன்.
"சின்னத்தில் எல்லாவற்றுக்கும் நாக்கு உண்டு"
என்றார் நகரசபைத் திருமதி ஷான்ட்ஸ்.

மீனைக் கொடியில் ஏற்றி ஆண்டவர்கள்
எங்களிலும் இருந்தார்கள்.
அதற்குப் பிந்திய கொடிகளைப் பற்றி
நான் வேலையிடத்தில் கதைப்பதில்லை.

பன்னிரண்டும் முடிந்தபிறகுதான் தெரிந்தது,
படத்தைப் புரட்டிப் போட்டு வெட்டியிருக்கிறேன்.
திருமதி ஷான்ட்ஸ் வைத்தியரைப்போல மெதுவாகச் சொன்னார்:
"விலங்கு கம்பத்தைப் பார்க்கவேண்டும்.
இப்படி நின்றால்
கொடி பிடித்தவன் ஓடுகிறான் என்று பொருள்."

புறமுதுகு.
இந்த ஏச்சு இவர்களிடமும் இருக்கிறதா!

தொண்ணூற்றைந்தில், நாவற்குழிப் பாலத்தில்,
ஊரே முதுகைக் காட்டித்தான் நடந்தது.
மழையும் முதுகில்தான் பெய்தது.
ஒரு முகமும் ஞாபகமில்லை,
நனைந்த முதுகுகள், ஒன்றில் கட்டிய குழந்தை,
ஒன்றில் தையல் மெஷினின் தலை.
அப்படித் திரும்பியதில் மிஞ்சியவை
இந்த இரண்டு கைகள்.

"மன்னிக்கவும், மாற்றித் தருகிறேன்" என்றேன்.

திகிஸ்ட்டும் நானும் நாலு நாள் நூல் பிரித்தோம்.
பதினொன்று திரும்பின.
பன்னிரண்டாவது கத்தரிபட்டுக் கிழிந்தது,
அதற்குப் பதில் புதிதாக ஒன்று தைத்தோம்.
கிழிந்தது கழிவுப் பெட்டியில்.
அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சுண்ணக்கோடு போக அலசி
பின்வளவுக் கொடியில் போட்டிருக்கிறேன்,
மகனின் காலுறைகளுக்கும்
ஒரு தலையணை உறைக்கும் இடையில்.

இங்கே கம்பம் இல்லை.
கெளிறு வேலியைப் பார்க்கிறது.
காற்று புரட்டினால் குசினி யன்னலை.
மீசையிலிருந்து
சொட்டுச் சொட்டாய் நீலம் வடிகிறது.
சாயம் சரியில்லை,
திங்கட்கிழமை சொல்லவேண்டும்.