நடுப் பொத்தான்

பீல் நகரில், ஷூஸ் ஆற்றை ஒட்டி,
கைக்கடிகார மூடிகள் செய்த தொழிற்சாலையின் நிலவறை.
மணிக்கு ஒன்பது பிராங்க் வாடகை.
ஹீட்டர் வேலை செய்தால் பதினொன்று.

தரையில் என் பெடல் பலகை:
ஐந்து பெடல், நுனி கிழிந்த வெல்க்ரோ,
காய்ந்த கோப்பி வட்டம் ஒன்று.
அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் போய்
யூர்க் ஈயம் பற்றவைத்துச் செய்த பெட்டிக்குள் நுழைகிறது.
பெட்டியில் மூன்று பொத்தான்.
மூன்றுக்கும் மூன்று ஆம்ப்.

முதலாவது என்னுடையது. பதினைந்து வாட்.
குழாய் சூடேறும்வரை முனகும்,
காலை ஷிஃப்டுக்கு எழும்புகிற என்னைப்போல.
மூன்றாவது மிரேயின் மச்சான் கடனாகத் தந்தது.
சுத்தமான ஒலி,
பல் வைத்தியரின் அறைச் சுவர் மாதிரி.
நடுவில் நிற்பது சபேசனுடையது.
நூறு வாட். ஆள் உயரம்.
ஆள் போன சித்திரையில் லியோனுக்குப் போய்விட்டான்.
ஆம்ப் நின்றுவிட்டது.

முதலாவதையும் நடுவையும் சேர்த்து மிதித்தால்
இரையும்.
இரண்டும் தனித்தனியே எர்த்தைத் தொடுகின்றன,
இடையில் உன் கேபிள் வளையமாகிவிடுகிறது என்றான் யூர்க்.
"இரண்டு மண்ணில் கால் வைத்தால்..." என்று
நான் தொடங்க,
"கவிதை வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கு" என்றான்.

எங்களுக்கு முன் இங்கே வாசித்த பெடியள்
பிளக்கின் நடுமுள்ளை அறுத்தே எறிந்தார்களாம்.
இரைச்சல் நின்றதாம்.
மைக்கில் உதடு பட்டவனுக்கு
இரண்டு நாள் நாக்கில் ருசி இல்லையாம்.
நான் நாற்பத்திரண்டு பிராங்க் கொடுத்தேன்,
தீப்பெட்டி அளவு சாமானுக்கு.

இரைச்சல் போனது.
ஒலியின் அடிவயிறும் போயிருந்தது.
இரண்டும் சேர்ந்து ஒன்றைவிட மெலிவு.
மிரேய் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு,
ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது என்றாள் பிரெஞ்சில்.
யூர்க் அதையே ஜெர்மனில் சொன்னான்.
நான் சபேசனோடு இரண்டு வருடம் வாசித்தவள்,
எனக்கு எந்த மொழியிலும் சொல்லத் தேவையில்லை.
பெட்டியின் பின்னால் ஒரு குட்டி விசை.
நகத்தால் தள்ளினேன்.
கூரைக் குழாயிலிருந்து தூசி கொட்டியது.

மூன்று வாரத்தில்
சனிக்கிழமைக்கான ஏழு பாட்டும்
என் வலது காலுக்கு மனப்பாடம்.
எங்கே அடங்குவது, எங்கே ஏறுவது;
எல்லாம் உடைகிற இடத்தில் நடு.

வியாழன் பின்னேரம் குறுஞ்செய்தி.
'நாளைக்கு வான் வருது. ஆம்பை எடுக்கிறன்.
நீ வரத் தேவையில்லை, திறப்பு என்னட்டை இருக்கு.'
ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

வெள்ளி. சிமெந்துத் தூசியில் நாலு சக்கரத் தடம்.
பக்கத்தில் சுருட்டி வைத்த என் கேபிள்,
அவன் எப்போதும் சுருட்டுகிற மாதிரி, முறுக்காமல்.
மிரேய் ஒன்றும் கேட்கவில்லை. நாலு எண்ணினாள்.
நாலாவது பாட்டு. உடைகிற இடம் வந்தது.
கால் பழக்கத்தில் நடுப் பொத்தானை மிதித்தது.
சிவப்பு விளக்கு எரிந்தது.
ஒன்றுமில்லை.

விரல்கள் நிற்கவில்லை, அதுகளுக்குத் தெரியாது.
மற்ற இருவரும் திடுக்கிட்டு நிறுத்த,
நாலு தாளம்
வெறும் தந்தியின் டிக் டிக்.
மேலே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள்.
பிறகு மூன்றாவதை மிதித்தேன்.

எதிரொலிப் பெடல் பெட்டிக்கு முன்னால் இருக்கிறது.
யாருக்கும் கேட்காமல் நான் வாசித்ததெல்லாம்
அதற்குள்ளே சுற்றிக்கொண்டிருந்து
அந்த வெள்ளைச் சுவரில்
ஒவ்வொன்றாய், மங்கி மங்கி, வந்து மோதியது.

"இன்னொருதரம்" என்றான் யூர்க்.
"அந்த நாலையும் அப்படியே விட்டு."

பாட்டுப் பட்டியலில் நாலாவதுக்கு எதிரே
பென்சிலால் எழுதினேன்: நடு. மிதி.
பெட்டியின் அந்தத் துளையில்
யாரும் எதையும் செருகிவிடாதபடி
டேப் ஒட்டினேன்.